ஜப்பானில் ஒரு கோடை: ஆங்கிலம் கற்பிக்கும் ஊழியக் குழுவில் சேருமுன்

ஆறு பேர் கிளம்புவதாக இருந்தது. ஐந்து பேர்தான் விமானம் ஏறினோம். ஆறாவது ஆளுக்கு விசா மறுக்கப்பட்டது. காரணம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். மறுத்தபின் ஆறு மாதத்துக்கு அதே நோக்கத்துக்காக மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அவர் முன்கூட்டியே வாங்கிவைத்த விமான டிக்கெட்டில் பாதிக்கு மேல் பணம் போயிற்று.

2025 ஜூலை நடுவில் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பினோம். குன்மா மாகாணத்தில் தகாசாகி என்ற ஊர், அங்கே ஒரு சிறு சபை. காலையில் பெரியவர்களுக்கு ஆங்கில உரையாடல் வகுப்பு, பிற்பகலில் பிள்ளைகளுக்கு, ஞாயிறு ஆராதனையில் பாட்டு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கிளம்புவதற்கு முந்தைய ஐந்து மாதம் நாங்கள் காகிதங்களோடு பட்ட பாடு கொஞ்சமில்லை. அடுத்த குழு அதைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தக் கோடை என்று முதலில் பாருங்கள்

நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திப் பழகிய கை, தானாகவே மே மாதத்துக்குத் திட்டம் போடும். ஜப்பானில் ஏப்ரலில்தான் புதிய கல்வியாண்டே தொடங்குகிறது. மே மாதம் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அவர்களுக்கு விடுமுறை ஜூலை 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை. வடக்கே ஹொக்கைடோவில் இன்னும் குறைவு. அந்த நேரத்தில் நம் கல்லூரிகளில் வகுப்பு நடக்கும். ஆகவே மாணவர்களை நம்பிக் குழு சேர்க்காதீர்கள். படிப்பை முடித்தவர்கள், சம்பள விடுப்பைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஆகியோரைக் கேளுங்கள். எங்கள் குழுவில் மிக நன்றாக வகுப்பெடுத்தவர் 61 வயது ஆசிரியை.

ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ஒபோன். முன்னோர்களை நினைக்கும் நாட்கள், எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ரயில்களில் அதே கூட்டம். இது தெரியாமல் 14ஆம் தேதி பிள்ளைகள் முகாம் வைக்கலாம் என்று போதகருக்கு எழுதினோம். 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்று பதில் வந்தது. கொஞ்சம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் மேலும் திட்டம் போட்டோம். ஜப்பானியர் 'கொஞ்சம் கஷ்டம்' என்று சொன்னால் முடியாது என்று பொருள். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று மின்னஞ்சல் ஆயிற்று.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 'சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள்' என்று தொப்பிகூட எடுக்காமல் போனேன். ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து ஊரான இசெசாகியில் 41.8 டிகிரி. ஜப்பானில் அதுவரை பதிவானதிலேயே அதுதான் அதிகம். வெயில் எச்சரிக்கை வந்தால் வெளியே விளையாட விடமாட்டார்கள். அதனால் திடலில் விளையாட என்று நீங்கள் போட்டுவைத்த அத்தனைக்கும் அறைக்குள் ஆடும் மாற்று ஒன்று கையில் இருக்கட்டும்.

2. அழைக்கும் சபையிடம் எழுத்தில் கேளுங்கள்

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஞாயிறு ஆராதனைக்கு இருபது முப்பது பேர் வரும் சபைகளே ஏராளம். போதகர், அவர் மனைவி, ஆர்கன் வாசிக்கும் ஒரு பாட்டி, பல இடங்களில் ஆள்பலம் அவ்வளவுதான். நீங்கள் ஆறு வாரத்தில் கிளம்பிவிடுவீர்கள். அந்தப் போதகர் அதே தெருவில், அதே அண்டை வீட்டாரோடு இருந்தாக வேண்டும். அவர் பிறகு யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்கும்படி எதையும் செய்துவிடக் கூடாது. கீழே நான் சொல்லும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது.

முதல் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்க வேண்டியவை: வகுப்பு எங்கே நடக்கும், யாருக்கு, கட்டணம் உண்டா, அந்தப் பணம் யாருக்குப் போகும், எங்கே தங்குவோம், சாப்பாட்டுச் செலவு யாருடையது, விசா கடிதங்களில் யார் கையெழுத்திடுவார். சபை அடையாளம் சரிதானா என்று சந்தேகம் இருந்தால் ஜெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஜப்பான் சுவிசேஷ மிஷனரிகள் சங்கத்தில் அவர்களை அறிந்தவர் உண்டா என்று விசாரிக்கலாம். தனியாகக் குழு சேர்க்க முடியாதவர்கள் ஓ.எம்.எஃப். என்ற மிஷனரி அமைப்பு நடத்தும் 'சர்வ் ஏசியா' போன்ற குறுங்கால ஊழியத் திட்டங்களைப் பார்க்கலாம்.

இடைத்தரகர்களிடம் கவனம். 'திட்டக் கட்டணம்' என்று ஒரு பெரிய தொகையை ஒருவர் எங்களிடம் கேட்டார். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தாருங்கள் என்றோம். அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்: 'எங்கள் ஆங்கிலம் இந்திய ஆங்கிலம், பரவாயில்லையா?' சில சபைகள் அமெரிக்க உச்சரிப்பை எதிர்பார்க்கும். போய் இறங்கிய பிறகு அது தெரியவந்தால் இரண்டு பக்கமும் சங்கடம். எங்கள் போதகர், தொழிற்சாலைகளில் இப்போது வியட்நாம்காரரும் நேபாளிகளும் இருக்கிறார்கள், பிள்ளைகள் பலவித ஆங்கிலம் கேட்கட்டும் என்றார். அந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய தெம்பு.

3. எந்த விசா?

நிறையப் பேர் விழும் குழி இது. இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் ஜப்பான் மின்விசா உண்டு. அது சுற்றுலாவுக்கு மட்டும். 'சுற்றுலான்னு போட்டா போதும் சார், யாரு கேக்கப் போறாங்க' என்று சொல்லும் முகவர் நிச்சயம் ஒருவர் வருவார். பெட்டியில் முப்பது பயிற்சி நோட்டும் சபையின் துண்டறிக்கையும் வைத்துக்கொண்டு, சுற்றுலா என்று எழுதிய தாளோடு குடியேற்ற அதிகாரி முன்னால் நிற்கும் ஆள் நீங்கள், அவர் இல்லை. அதோடு, சத்தியத்தைச் சொல்லப் போகிறவர்கள் முதல் தாளிலேயே பொய் எழுதலாமா?

90 நாளுக்குள், சம்பளமே இல்லாமல், சபையின் அழைப்பில் போய் உதவுவதென்றால் குறுகியகாலத் தங்கல் விசாவில், போகும் காரணத்தை உள்ளபடி எழுதி, அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பிக்கிறார்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். அதற்கு மேல் தங்குவதானாலும், உதவித்தொகை வாங்குவதானாலும் கதை வேறு. அதற்கு மத ஊழியருக்கான வசிப்புத் தகுதி வேண்டும். ஜப்பானில் உள்ள அமைப்பு அங்கே குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கே ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், கிடைத்தபின் மூன்று மாதம்தான் செல்லும். ஒரு கோடைக்கு இவ்வளவு தேவைப்படாது. உங்கள் திட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை அழைக்கும் சபையும் நீங்களும் தூதரகத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள், முகவரிடம் வேண்டாம்.

சம்பளம் கூடாது என்பதைக் கறாராக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வகுப்பில் ஒரு மாணவர் அழகான உறையில் பணம் வைத்து இரண்டு கையாலும் நீட்டுவார். மறுத்தால் அவர் முகம் வாடும். போதகரிடம் முன்பே பேசி, அப்படி வருவதெல்லாம் சபைக்கு என்று முடிவு செய்துவிட்டால், அங்கேயே அவர் கையில் கொடுத்துவிடலாம். வகுப்புக் கட்டணமும் அப்படியே. எங்கள் இடத்தில் ஒரு வகுப்புக்கு 500 யென், ஒற்றை நாணயம். பெட்டியும் கணக்கும் சபையார் கையில். நாங்கள் தொடவே இல்லை.

4. ஆவணங்கள்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்கள் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள். விண்ணப்பத்தை, தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரவேண்டியவை: ஏன் அழைக்கிறோம் என்ற காரணக் கடிதம், நாள்வாரியான தங்கல் அட்டவணை, குழுவாகப் போனால் விண்ணப்பதாரர் பட்டியல். செலவை அங்குள்ளவர் ஏற்பதானால் உத்தரவாதக் கடிதமும் அவருடைய வருமானச் சான்றும் சேரும். இவற்றுக்கு ஜப்பானிய வெளியுறவு அமைச்சின் இணையதளத்தில் படிவங்கள் இருக்கின்றன. அந்தப் படிவத்தையே நிரப்பச் சொல்லுங்கள். எங்கள் போதகர் முதலில் மனமுருகி ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். படிக்கக் கண்ணீர் வந்தது, விண்ணப்பத்துக்கு உதவவில்லை. மூலம் வேண்டுமா நகல் போதுமா என்பதையும் மையத்தில் முன்பே கேளுங்கள். தபாலுக்கு நாளாகும்.

நம் பக்கத்திலிருந்து: பாஸ்போர்ட், படிவம், புகைப்படம், விமான முன்பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த தாள், வேலை செய்பவர்களுக்கு அலுவலக விடுப்புக் கடிதம், நீங்களே எழுதும் முகப்புக் கடிதம். அந்த முகப்புக் கடிதத்தில் நாங்கள் எழுதியதன் சாரம்: யார் அழைக்கிறார்கள், என்ன செய்வோம், சம்பளம் வாங்கமாட்டோம், எந்தத் தேதி திரும்புவோம், திரும்பி வந்து என்ன வேலையில் சேருவோம். ஒரே பக்கம்.

இங்கே மூன்று பொறிகள்.

பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எங்கள் குழுவில் ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இன்னொருவருக்கு அப்பா பெயர் அதில் ஏறியிருந்தது. சபை அனுப்பிய கடிதத்தில் இருவரையும் நாங்கள் கூப்பிடும் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். எல்லாம் திரும்பப் போய் வந்தது, பன்னிரண்டு நாள் வீண். கடிதம் தயாராகும் முன்பே எல்லோருடைய பாஸ்போர்ட் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பி, அதிலுள்ள எழுத்தை அப்படியே பார்த்து எழுதச் சொல்லுங்கள். விமான டிக்கெட்டிலும் அதே பெயர்.

தேதி. அட்டவணை, விமான முன்பதிவு, படிவம், விடுப்புக் கடிதம் நான்கிலும் தேதிகள் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் நள்ளிரவுக்கு முன் ஏறினால் அங்கே மறுநாள்தான் இறங்குவீர்கள். அட்டவணையில் எழுத வேண்டியது இறங்கும் தேதி.

வங்கிக் கணக்கு. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் சித்தப்பாவிடம் கடன் வாங்கி ஒன்றரை லட்சத்தைக் கணக்கில் போடுவது நம் பழக்கம். மறுக்கப்பட்ட நண்பர் அதைத்தான் செய்திருந்தார். அதனால்தான் மறுத்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மற்ற ஐந்து பேரில் யாரும் அதைச் செய்யவில்லை.

எப்போது கொடுப்பது? குறுகியகால விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்னாலும் கூடாது. கிளம்புவதற்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து வேலைநாள் என்பார்கள். கூட்ட நேரத்தில் கூடுதலாகும், கேள்வி வந்தால் இன்னும் ஆகும். விசா கைக்கு வரும்வரை திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள், முன்பதிவு மட்டும் போதும்.

விசாவுக்குத் தேவைப்படாவிட்டாலும் பிள்ளைகளோடு பழகப் போகிறவர்கள் எல்லோரும் காவல்துறை நற்சான்று எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் சேவை மூலம் 500 ரூபாய். அழைக்கும் சபை கேட்குமுன் நாமே கொடுத்தால் அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

5. பணம்

எனக்கு ஆன கணக்கை அப்படியே தருகிறேன். கோலாலம்பூர் வழியாகப் போகவர விமானம் 62,000 ரூபாய். விசாக் கட்டணம் இந்தியர்களுக்கு அப்போது ஐந்நூறை ஒட்டித்தான். மையத்தின் சேவைக் கட்டணம், படம், நகல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 2,000. காப்பீடு 4,000. காவல் சான்று 500. பாடப் பொருள்களும் சிறு பரிசுகளும் 8,000. அங்கே போனபின், சாப்பாட்டுக்கென்று சபைக்கு நாள் ஒன்றுக்கு 1,500 யென் வீதம் 40 நாளுக்கு 60,000 யென், உள்ளூர்ப் போக்குவரத்து 30,000 யென், கைச்செலவு 30,000 யென். அப்போது ஒரு யென் ஏறக்குறைய 58 காசு. மொத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

சாப்பாட்டுக்குப் பணம் வேண்டாம் என்று சபை சொல்லும். கொடுத்தே தீருங்கள். அந்த வருடம் அரிசி விலை ஏறி, ஐந்து கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியிருந்தது. நாங்களோ சோறு தின்னும் ஐந்து தமிழர்கள்!

ரயில் பாஸ் வாங்க வேண்டாம். வெளிநாட்டவருக்கான ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆயிற்று. ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு அது தண்டம். தோக்கியோவிலிருந்து தகாசாகிக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் 50 நிமிடம், ஏறக்குறைய 5,000 யென். சாதாரண ரயிலில் இரண்டு மணி நேரம், ஏறக்குறைய 2,000 யென். பெட்டி அதிகமில்லையென்றால் சாதாரண ரயிலே போதும். அன்றாடத்துக்கு, பணம் ஏற்றி ரயில், பேருந்தில் தொட்டுச் செல்லும் சுய்கா அட்டை ஒன்று. பணம் எடுக்க செவன்-இலெவன் கடை ஏ.டி.எம்.களில் நம் அட்டைகள் வேலை செய்தன. கிளம்புமுன் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறக்காமல் திறந்துவிடச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். குழுவில் ஒருவர் வெயிலில் மயங்கி ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தார். காப்பீடு மட்டும் இல்லாதிருந்தால் அந்த ரசீதைப் பார்த்து நானும் மயங்கியிருப்பேன்.

6. பெட்டிக்குள் எது கூடாது

கோழி ஊறுகாய், மட்டன் ஊறுகாய், கருவாட்டோடு சேர்த்துக் கட்டிய உப்புக்கண்டம், இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. அபராதம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், செடி, விதை எதையும் அம்மா ஆசையாகக் கட்டித் தந்தாலும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு, முந்திரிப் பருப்பு ஆகியவற்றைக் கடை உறையோடு கொண்டுபோனோம், பிரச்சினை வரவில்லை.

மருந்துச் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்கு உரியதுவரை அப்படியே எடுத்துப் போகலாம். கடையில் வாங்கும் மருந்து இரண்டு மாத அளவு. அதற்கு மேல் வேண்டுமென்றால் கிளம்புமுன் இறக்குமதி உறுதிச் சான்று பெற வேண்டும். நாங்கள் ஆறு வாரம் போனோம், இரண்டு பேருக்கு ரத்த அழுத்த மாத்திரை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே என்று கடைசி நேரத்தில்தான் விழித்தோம். சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரை, கோடீன் அதிகமுள்ள இருமல் மருந்து இரண்டும் அங்கே தடை. உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

மின்சாரம் 100 வோல்ட், பிளக் இரண்டு தட்டைக் கால். மிக்சி கொண்டுபோன சகோதரி சட்னி அரைக்கப் பார்த்தார். அது சுற்றவில்லை, முனகியது.

7. இறங்கும் நாள்

'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் பயண விவரத்தை முன்பே ஏற்றி, கியூஆர் குறியைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் விமான நிலைய வைஃபை படுத்தும். கைரேகை, முகப்படம் எடுப்பார்கள். 'எதற்கு வந்தீர்கள்?' என்று கேட்டால் ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அழைப்புக் கடித நகலும் போதகரின் தொலைபேசி எண்ணும் ஒவ்வொருவர் கைப்பையிலும் தனித்தனியாக இருக்கட்டும். குழுத் தலைவர் பெட்டியில் மொத்தமாக வைத்திருந்தோம், தலைவர் வேறு வரிசையில் போய்விட்டார்.

பாஸ்போர்ட்டை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. 'லைன்' செயலியை ஊரிலேயே நிறுவி எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். அங்கே வாட்ஸப் பயன்படுத்தாதவர்களே அதிகம். நில அதிர்வு எச்சரிக்கைக்கும் செயலி உண்டு. ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சாட்கா பக்கம் பெரிய நிலநடுக்கம், ஜப்பானின் கிழக்குக் கரைக்குச் சுனாமி எச்சரிக்கை. குன்மாவுக்குக் கடலே கிடையாது. ஆனால் தொலைக்காட்சி பார்த்த எங்கள் வீட்டார் ஐந்து பேருக்கும் மாறி மாறி அழைத்தார்கள். ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

8. வகுப்பு

தொடக்கப் பள்ளியில் ஐந்து, ஆறாம் வகுப்புக்கு 2020 முதல் ஆங்கிலம் முறையான பாடம். ஆகவே பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும், வாய்தான் திறக்காது. நடுநிலைப் பள்ளி முடித்தவர் அளவு, எய்கென் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் மூன்றாம் நிலை. வருபவர்களிடம் 'எய்கென் எத்தனையாவது நிலை' என்று கேட்டால் ஏறக்குறைய அளவு தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டதும் மௌனம் வரும். நம்மால் மூன்று விநாடி மௌனத்தைத் தாங்க முடியாது, பதிலை நாமே சொல்லிவிடுவோம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் இருவர் இருவராகப் பேசவிட்டு, பிறகு கேளுங்கள். எல்லோர் முன்னாலும் ஒருவரைத் தனியாக எழுப்பி நிறுத்துவதை முதல் வாரத்தில் செய்யவே வேண்டாம்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மெய்யெழுத்துக்குப் பின்னால் உயிரைச் சேர்ப்பது அவர்கள் வழக்கம், 'மெக்டொனால்ட்' அங்கே 'மகுதொனருதோ'. நாமும் 'பஸ்சு', 'இஸ்கூலு' என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே. எங்கே நாக்கு சிக்கும் என்று நமக்குத் தெரியும், சிரிக்கமாட்டோம். ரகரமும் லகரமும் அவர்களுக்கு ஒன்றாகவே கேட்கும். நமக்கு ர, ற, ல, ள, ழ என்று ஐந்து. ஒரு நாள் பலகையில் ஐந்தையும் எழுதிச் சொல்லிக்காட்டினேன். 'இந்தியர்களுக்கே இவ்வளவு கஷ்டமா' என்று அவர்களுக்குத் தைரியம் வந்தது. ழகரத்தை முதலில் பிடித்தவர் 78 வயதுத் தாத்தா.

ஆங்கிலம் போலவே ஒலிக்கும் ஜப்பானியச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 'மன்ஷோன்' என்றால் மாளிகை இல்லை, அடுக்குமாடி வீடு. 'ஸுமாத்தோ' என்றால் ஒல்லி. 'குரேமு' என்றால் புகார். 'கொன்சென்தோ' என்றால் சுவரிலுள்ள பிளக் துளை. 'ஐ லிவ் இன் எ மேன்ஷன்' என்று ஒரு பாட்டி சொன்னபோது பெரிய பணக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தியர் என்றதும் எல்லோரும் ஒன்று கேட்பார்கள்: 'பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாமே?' எனக்குப் பதினாறுக்கு மேல் வராது. உங்களுக்கும் அப்படியென்றால் போகுமுன் படித்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்கு உதவும்.

9. வேதாகம நேரம்

வகுப்பின் முடிவில் 15 நிமிடம் வேதாகமக் கதை உண்டு என்றால், அதைத் துண்டறிக்கையிலேயே போட வேண்டும். ஆங்கிலம் என்று கூப்பிட்டுப் பிரசங்கம் செய்தார்கள் என்ற பெயர் ஒரு தெருவில் வந்துவிட்டால் அந்தச் சபை மீள வருடங்கள் ஆகும். முன்னாள் பிரதமர் அபே 2022இல் சுடப்பட்ட பிறகு மத அமைப்புகள் மேல் மக்களுக்குச் சந்தேகம் கூடியிருக்கிறது. தன் தாய் ஒருங்கிணைப்புத் திருச்சபை என்ற மத அமைப்புக்குப் பெரும் பணம் கொடுத்ததால் வந்த கோபம் என்று சுட்டவர் சொன்னதுதான் காரணம். பல சபைகள் தங்கள் அறிக்கையின் அடியில் அந்த அமைப்போடு எங்களுக்குத் தொடர்பில்லை என்றே அச்சிடுகின்றன.

பிள்ளைகள் முகாமுக்கு நம் ஊர்ப் பாடத்தை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். நரகத்துக்குப் போவாய் என்று பயமுறுத்திப் பிள்ளைகளை மத நிகழ்ச்சிக்குக் கட்டாயப்படுத்துவது மனரீதியான வன்முறை என்று 2022 டிசம்பரில் அரசே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அக்கினிப் படம் போட்ட பிளாஷ் கார்டுகளை நாங்கள் வீட்டில் விட்டுச் சென்றதற்கு இன்றும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். 'கை உயர்த்து, தீர்மானம் எடு' என்பதும் வேண்டாம். அது போதகரும் பெற்றோரும் பார்த்துக்கொள்ள வேண்டியது. அரசுப் பள்ளிக்கு உங்களை அழைத்தால் அங்கே ஆங்கிலம் மட்டும். பொதுப் பள்ளிகளில் சமயம் கற்பிக்கச் சட்டம் அனுமதிக்காது.

சொற்களிலும் சிக்கல் உண்டு. பாவம் என்பதற்கு அவர்கள் சொல் 'ட்ஸுமி', அதற்குக் குற்றம் என்றும் பொருள். 'நீங்கள் எல்லோரும் பாவிகள்' என்றால் 'நீங்கள் எல்லோரும் குற்றவாளிகள்' என்று காதில் விழும். முதல் வாரம் நான் அப்படிப் பேச, மொழிபெயர்த்த அம்மா ஒரு கணம் நின்று, வேறென்னவோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். 'கடவுள் உங்களை நேசிக்கிறார் என்று சொன்னேன்' என்றார். எந்தப் பேச்சானாலும் இரண்டு நாள் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் படத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் முகநூலில் போடக் கூடாது, ஊரில் தாங்குபவர்கள் எவ்வளவு கேட்டாலும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களோடு தனியாக லைன் எண் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

10. தங்கும் வீடு

வாசலில் செருப்பு கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதோடு வரவேற்பறைக்கு வராதீர்கள், நான் வந்தேன். குளியல் தொட்டிக்குள் இறங்குமுன் வெளியே சோப்பு போட்டுக் குளித்துவிட வேண்டும். அந்த வெந்நீர் வீட்டார் எல்லோருக்கும் பொது, முடித்ததும் அடைப்பைத் திறந்து நீரை விட்டுவிடாதீர்கள். குப்பையை எரியக்கூடியது, பிளாஸ்டிக், பாட்டில் என்று கிழமை வாரியாகப் பிரிப்பார்கள். அந்த அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர், சைவர் யாரும் இருந்தால் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும், ஜப்பானியக் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு இருக்கும். மேசையில் வைத்தபின் மறுப்பது அவர்களுக்குத்தான் பெரிய வேதனை.

11. கடைசி வாரம்

புதிதாக எதையும் தொடங்காதீர்கள். எந்த மாணவர் எதைப் படித்தார், எதில் ஆர்வம், யார் மீண்டும் வரக்கூடும் என்று ஒரு பட்டியலைப் போதகரிடம் கொடுங்கள். 'அடுத்த வருடம் வருவோம்' என்று பிள்ளைகளிடம் சொல்லவே கூடாது, டிக்கெட் கையில் இருந்தாலொழிய. சுண்டு விரல் கோத்துச் சத்தியம் வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு உண்டு, நான் ஒரு சிறுமியிடம் மாட்டிக்கொண்டேன்.

ரசீதுகளையெல்லாம் ஒரு உறையில் போட்டு வையுங்கள், தாய்ச் சபையில் கணக்குக் கேட்பார்கள். ஜப்பானிய ரசீதில் தொகையைத் தவிர எதுவும் புரியாது, ஆகவே அன்றன்றே பின்னால் தமிழில் எழுதிவிடுங்கள். யென் நாணயங்களை இங்கே எந்தப் பணமாற்றுக் கடையிலும் வாங்கமாட்டார்கள். மிச்சமிருக்கும் சில்லறையைக் கடைசி ஞாயிறு காணிக்கைப் பையில் போட்டுவிடுங்கள். விமான நிலையப் பேருந்துக்கு மட்டும் ஆளுக்குக் காசு எடுத்து வைத்துக்கொண்டு. நாங்கள் அதையும் போட்டுவிட்டுப் போதகரிடமே கடன் வாங்கினோம்.